கண்வலி விதை

அக்டோபர் 6, ஞாயிறு

காலையிலேயே அத்தையோடு காட்டுக்குப் போனேன். பந்தல் முழுக்கக் கண்வலிக்கொடி பூத்துக் கிடக்கிறது. மற்றவர்களுக்குச் செங்காந்தள், மூலனூர்ப் பக்கம் எங்களுக்குக் கண்வலி. இந்தப் பூவை வண்டுகளை நம்பி விடமுடியாது. பூவுக்குப் பூ நாம்தான் மகரந்தத்தைத் தொட்டு வைக்க வேண்டும். வெயில் ஏறினால் காய் பிடிக்காது. வாரம் முழுக்க ஆலையில் வெள்ளைக் கோட்டுப் போட்டு நிற்பவளுக்கு ஞாயிற்றுக்கிழமை இந்த வேலை பிடித்துத்தான் இருக்கிறது.

மாமா வரவில்லை. வலது கால் கட்டைவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டால்கூட முகம் சுளிக்கிறார். நேற்று என் கணவர் தன் அப்பாவைத் தாராபுரத்தில் டாக்டரிடம் காட்டி வந்தார். (வீட்டில் கூப்பிடுவது 'ஏனுங்க'. இங்கே பூபதி என்றே எழுதுகிறேன்.) ரத்தத்தில் யூரிக் ஆசிட் அதிகமாம். சிறுநீரகமும் கொஞ்சம் சுணக்கமாக இருக்கிறதாம். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.

அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். கால்ச்சிசின். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன அம்மிணி, அட்டையவே பாத்துட்டிருக்கறே?" என்றார் மாமா.

"இது நம்ம கண்வலி வெதையில இருந்து எடுக்கற மருந்துங்க மாமா. எங்க ஆலையில வெதைய அரைச்சு எறக்கறோம்ல, அந்தச் சரக்குத்தான். இதுல எவ்வளவு இருக்குதுன்னு பாக்கறதுதானுங்க என்ற வேலையே."

அவர் மாத்திரையைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "வெளிநாட்டுக்குச் சாயத்துக்குப் போகுதுன்னு நெனச்சிட்டிருந்தேன். கடைசில என்ற காலுக்கே வந்து சேந்திருக்குது பாரு."

அத்தை அடுப்படியில் இருந்தே, "வெசத்தையா திங்கக் குடுத்திருக்கறாங்க?" என்றார்.

"அளவுல இருந்தா மருந்துங்க அத்தை," என்றேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

ஆயுத பூஜைப் பொரி மீதம் நிறைய. மாமாவுக்கு வீக்கம் வற்றிவிட்டது. செருப்புப் போட்டுக் காட்டுக்கே போய்விட்டார். பூத்தொடும் பெண்களிடம், பால்காரரிடம், பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் அவர் தம்பி வேலுச்சாமியிடம், எல்லோரிடமும் அட்டையைக் காட்டுகிறார். "எங்க மருமக சொன்னா. நம்ம வெதைதான்." படித்த மருமகள் வந்தால் வீட்டுக்கு என்ன ஆதாயம் என்று கேட்ட வேலுச்சாமி மாமாவிடம் இரண்டு தடவை சொன்னாராம்.

எனக்குப் பெருமையாக இருந்தது. எழுதி வைப்பதில் தப்பில்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒரு மாத்தரைக்கு எத்தன வெதை பிடிக்கும் அம்மிணி?"

கண்ணில் நீரோடு மனக்கணக்குப் போட்டுச் சொன்னேன்.

"அவ்வளவு கம்மியா?" என்று சிரித்தார். "அப்ப வீட்ல கெடக்கற போன வருச மூட்டைய வெச்சு ஊருக்கே வைத்தியம் பாக்கலாம்."

"பாக்கலாமுங்க மாமா. போர்டு எழுதி மாட்டிருங்க."

இருவரும் நன்றாகச் சிரித்தோம். மத்தியானம் பருப்புச் சாதம், வெங்காயக் குழம்பு. பூபதிக்குக் காரம் போதவில்லை.

அக்டோபர் 16, புதன்

மாமாவுக்கு மாத்திரை தீர்ந்துவிட்டது. இப்போது இடது கால். இங்கே மருந்துக்கடையில் அது இல்லையாம். நாளை தாராபுரத்தில் வாங்க வேண்டியவை: மாத்திரை, பூபதியின் சட்டைக்குப் பித்தான், கடலை மாவு.

அக்டோபர் 17, வியாழன்

ஆலையில் வெளிநாட்டுக்காரர்கள் தணிக்கை. காலையில் இருந்து நின்றபடியே. வீட்டுப் படி ஏறும்போதுதான் ஞாபகம் வந்தது. பித்தான் வாங்கியிருந்தேன், கடலை மாவு வாங்கியிருந்தேன்.

"பரவால்ல கண்ணு, நாளைக்குப் பாத்துக்கலாம்," என்றார் மாமா. முகம் வேர்த்திருந்தது.

அத்தைதான் பொறுக்கவில்லை. இன்றைக்குப் பூத்தொட ஆட்கள் வரவில்லை. தனியாக நின்று கை ஓய்ந்து வந்திருந்தார். "பூ எல்லாம் வாடிப் போகுது. இவரு ராசாவாட்டக் காலை நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கறாரு. உங்களால ஒரு பிரயோசனம் உண்டா? இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்."

பந்தலுக்குத் தண்ணீர் திருப்ப வந்த வேலுச்சாமி மாமா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். கேட்டிருப்பார்.

மாமா அத்தைக்கு எப்போதும் பதில் சொல்வதில்லை. கோபம் தணிந்ததும் அத்தையே மோர் கொண்டு வந்து வைப்பார். இன்றைக்கும் வைத்தார்.

அக்டோபர் 18, வெள்ளி

தாராபுரம் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

விடியலில் மாமாவுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. பழைய குழம்பு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு அத்தை காட்டுக்குப் போனார். மிக்ஸியின் சின்ன ஜார் கழுவி வாசலில் கவிழ்த்திருந்தது. நான் கழுவவில்லை, அத்தையும் அதை எடுக்கவில்லை. தணிக்கையின் இரண்டாம் நாள், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. உப்பும் சர்க்கரையும் கரைத்து ஒரு சொம்பு அவர் பக்கத்தில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

மத்தியானத்துக்கு மேல் பூபதி போன் செய்தார். "அப்பா எந்திரிக்கவே மாட்டேங்கறாரு. கண்ணெல்லாம் உள்ள போயிருச்சு." நான் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டேன். ஊசி வழியாக உப்புத் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. ரத்த அழுத்தம் குறைவு என்கிறார்கள்.

இன்று மாத்திரை வாங்கிவிட்டேன். கைப்பையில் இருக்கிறது.

அக்டோபர் 19, சனி

மாமா எழுந்து உட்கார்ந்தார். காப்பி வேண்டும் என்றார். வாந்தி நின்றுவிட்டது. அத்தை பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டு டீ வாங்கக் கீழே போனார். பூபதியும் கூடப் போனார்.

மாமா என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"கால் வலி சுத்தமா இல்ல அம்மிணி," என்றார், ஏதோ நல்ல சேதி சொல்வதுபோல.

நான் போர்வையை விலக்கி அவர் காலைப் பார்த்தேன்.

"நீ சொன்ன கணக்குக்குத்தான் மொதல்ல அரைச்சேன். வலி கேக்கல. சித்தெ சேத்திப் போட்டேன். பொறவும் கேக்கல. காலையில காட்டுக்குப் போயே தீரோணும்னு நெனச்சேன், பாவம் அவ ஒண்டியா நிக்கறா." மூச்சு வாங்கினார். "நீ சொன்னேன்னு எங்கயும் வாயைத் தொறந்துராதே. பூபதி மொரடன். வேலுச்சாமி ஊரெல்லாம் பேசுவான். நான் என்னமோ சொல்லிக்கறேன், நீ உடு."

டாக்டரிடம் போய், கண்வலி விதை வயிற்றுக்குள் போயிருக்கிறது என்று மட்டும் சொன்னேன். எவ்வளவு என்று கேட்டார். தெரியாது என்றேன். அது உண்மை. உடனே கோயம்புத்தூருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

எங்கள் ஆய்வகச் சுவரில் ஓர் எச்சரிக்கைத் தாள் ஒட்டியிருக்கிறது. முதலில் வயிறு. அப்புறம் தேறிவிட்டது போல ஒரு நாள். அதற்கு அடுத்த வரியையும் படித்திருக்கிறேன். இங்கே எழுதப்போவதில்லை.

ஆம்புலன்ஸில் மாமா வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார். பல்லடம் தாண்டி, ரோட்டோரம் ஒரு சோளக்காட்டைக் காட்டி, "நல்லா வந்திருக்குது," என்றார்.

அக்டோபர் 20, ஞாயிறு

கோயம்புத்தூர். தீவிர சிகிச்சைப் பிரிவு. டாக்டரம்மா இளவயசு, பொறுமையாகப் பேசினார். இந்த விஷத்துக்கு என்று முறிவு மருந்து கையில் இல்லை. சிறுநீரகமும் இதயமும் தாக்குப்பிடிக்கிற வரை முட்டுக்கொடுத்துக் கொண்டிருக்கலாம், அவ்வளவுதான் என்றார்.

"வேணும்னே சாப்பிட்டாரா?" என்று கேட்டார். பூபதி என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன்.

விஷம் என்றால் போலீஸுக்குத் தகவல் போகுமாம். மூலனூர் ஸ்டேஷனில் இருந்து ஒரு ஏட்டு வந்து மாமாவிடம் கேட்டார்.

"மூட்டை பிரிக்கறப்ப தூசி பறந்து வாய்க்குள்ள போயிருச்சுங்க," என்றார் மாமா.

ஏட்டு எழுதிக்கொண்டார். எழுதும்போதே உதட்டைப் பிதுக்கினார். எங்கள் பக்கத்தில் ஒருவர் வயிற்றில் கண்வலி இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வெளியே வந்து பூபதியிடம், "வீட்ல எதாச்சும் சண்டையாப்பா?" என்று கேட்டார்.

பூபதிக்கு வியாழக்கிழமைப் பேச்சு தெரியாது. ஆனால் அத்தை அங்கேயே நின்றிருந்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

அக்டோபர் 21, திங்கள்

வேலுச்சாமி மாமா வந்தார். அண்ணனைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். திரும்பி வந்து, நடைபாதையில் அத்தனை பேர் முன்னால், அத்தையைப் பார்த்து விரலை நீட்டினார்.

"இருந்தாலும் ஒண்ணு, இல்லாட்டியும் ஒண்ணுன்னு சொன்னீங்கல்ல. இப்பத் திருப்தியா?"

அத்தை சுவரோடு சுவராக உட்கார்ந்துவிட்டார். "வாய் தவறிச் சொன்னனுங்க... எப்பவும் சொல்றதுதானுங்க..." பூபதி அவர் கையைப் பிடித்துத் தூக்கவில்லை. "அப்பிடியாம்மா சொன்னே?" என்று மட்டும் கேட்டார்.

தண்ணீர் பிடிக்கப் போனேன். மாமா சொல்லக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். அவர் உயிரோடு இருக்கும்போது அவர் பேச்சை மீறுவது சரியில்லை. தேறி வந்து அவரே சொல்வார்.

விதைக்கு விதை சத்து மாறும். எங்கள் காட்டு விதையில் எப்போதும் அதிகம், நானே சோதித்திருக்கிறேன். அதை அன்றைக்கு மாமாவிடம் சொல்லியிருப்பேன். சொல்லாமல் இருக்கமாட்டேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

சிறுநீரகம் நின்றுவிட்டது. இயந்திரத்தில் போட்டிருக்கிறார்கள். ரத்த அணுக்கள் இறங்கிக்கொண்டே வருகின்றன. டாக்டரம்மா விளக்கினார்: உடம்பில் எங்கெல்லாம் அணுக்கள் வேகமாகப் பெருகுமோ அங்கெல்லாம் இது போய் நிறுத்திவிடும்.

"இதனாலதான் இந்த மாதிரிச் செடிச்சரக்கை எல்லாம் புத்துநோய்க்கு ஆராய்ச்சி பண்றாங்க," என்றார். நான் தலையாட்டினேன். வேலைக்கான நேர்முகத்தில் நான் இதே வாக்கியத்தைத்தான் சொன்னேன்.

ஐந்து நிமிடம் உள்ளே விட்டார்கள். மாமாவுக்கு என்னைத் தெரிந்தது. வாயில் குழாய், பேச முடியவில்லை. தலையை லேசாக இப்படியும் அப்படியும் அசைத்தார். வேண்டாம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அக்டோபர் 23, புதன்

யாரையும் உள்ளே விடவில்லை. கேண்டீனில் பூபதிக்கு இட்லி வாங்கினேன். அவர் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன்.

அக்டோபர் 24, வியாழன்

மத்தியானம் மாமா போய்விட்டார்.

அக்டோபர் 26, சனி

அறுத்துப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். நேற்று வீட்டுக்குக் கொண்டு வந்தோம். பந்தல், நாற்காலி, டீ, எல்லாவற்றையும் வேலுச்சாமி மாமாதான் முன்னால் நின்று பார்த்தார். அத்தையைத் தலைமாட்டில் உட்காரவிடவில்லை. "அந்தப் பக்கம் போங்க," என்றார். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அத்தை எழுந்து போய்க் கால்மாட்டில் உட்கார்ந்தார். வீக்கம் வற்றிய அந்தக் கால்களைத் தொட்டுக்கொண்டே இருந்தார். அவர் அழவில்லை என்பதையும் பெண்கள் குறித்து வைத்துக்கொண்டார்கள்.

நான் பாத்திரம் கழுவினேன். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தேன். "மருமகதான் பம்பரமாச் சுத்துறா," என்று யாரோ சொன்னார்கள்.

அக்டோபர் 27, ஞாயிறு

தீபாவளி. ஊரெல்லாம் வெடிச்சத்தம். எங்கள் வீட்டில் வாசல் கூட்டியதோடு சரி.

நவம்பர் 3, ஞாயிறு

யாரும் காட்டுக்குப் போகவில்லை. தொடாத பூவெல்லாம் வாடி உதிர்கிறது. போன மாதம் தொட்டு வைத்தவை பச்சைக் காயாகத் தொங்குகின்றன.

அத்தை சாப்பாட்டைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து விடுகிறார். பூபதி அவரிடம் பேசுவதில்லை. வெளியில் இருந்து வந்தால் நேராக அறைக்குள் போய்விடுகிறார். நேற்று நான், "அத்தைகிட்ட ஒரு வார்த்தை பேசுங்க," என்றேன்.

"என்ன பேசச் சொல்றே? அப்பாவை எதுக்குக் கொன்னேன்னு கேக்கட்டுமா?"

அப்போது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். அவர் விளக்கை அணைத்துவிட்டார்.

ஆலையில் இருந்து போன் வந்தது. தணிக்கையில் தேறிவிட்டோமாம். என் பிரிவுக்குத் தனியாகப் பாராட்டு.

நவம்பர் 7, வியாழன்

இதை முழுக்க எழுதிவிட வேண்டும்.

நேற்றோடு மாமாவின் காரியம் எல்லாம் முடிந்தது. வந்தவர்கள் போய்விட்டார்கள். இன்று மத்தியானம் சாப்பிடக் கூப்பிட அத்தையைத் தேடினேன். வீட்டில் இல்லை. விதை மூட்டை அடுக்கிய அறைக் கதவு சாத்தியிருந்தது. தள்ளினேன்.

அத்தை மூட்டைமேல் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். ஒரு மூட்டையின் வாய் பிரிந்திருந்தது. வலது கையை மூடி மடியில் வைத்திருந்தார்.

"அத்தை, கையில என்னங்க?"

"ஒண்ணுமில்ல. நீ போ."

நான் போய் அந்தக் கையைப் பிடித்தேன். அவர் விடவில்லை. எனக்கு அவ்வளவு பலம் இருந்தது என்று எனக்கே தெரியாது. விரல் விரலாகப் பிரித்தேன். விதைகள் தரையில் சிதறின.

"வாயில போட்டீங்களா? அத்தை, சொல்லுங்க, போட்டீங்களா?"

"இல்ல." நாக்கை நீட்டிக் காட்டினார், குழந்தை மாதிரி. "என்ற ஒரு சொல்லுல போயிட்டாருடி. நாப்பது வருசம் கூட இருந்த மனுசன். ஒரு சொல்லுக்கு இப்பிடிப் பண்ணுவாருன்னு தெரியலியே எனக்கு."

அவர் கையைப் பிடித்துக்கொண்டே சொன்னேன். மாத்திரை வாங்க மறந்தது, வெங்காயம் உரிக்கும்போது கணக்குச் சொன்னது, சிரித்தது, ஆஸ்பத்திரியில் மாமா என்னிடம் சொன்னது, சொல்லவேண்டாம் என்றது. எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தரையில் கிடந்த விதைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப அவரு சாகோணும்னு திங்கல?"

"இல்லீங்க அத்தை."

"காலு நல்லாகோணும்னு."

"ஆமாங்க. காலையில காட்டுக்கு வரோணும்னு. நீங்க ஒண்டியா நிக்கறீங்கன்னு சொன்னாருங்க."

"அப்பிடியா சொன்னாரு?"

"அப்பிடித்தானுங்க சொன்னாரு."

அப்போதுதான் அத்தை அழுதார். வாசலில் பிணம் கிடந்தபோது வராத அழுகை. மூட்டையைக் கட்டிக்கொண்டு, தலையை அதில் முட்டி முட்டி அழுதார். நான் தொடப் போனேன். என் கையைத் தட்டிவிட்டார்.

சாயங்காலம் பூபதி வந்ததும் அத்தைதான் சொன்னார், என்னைப் பக்கத்தில் நிற்கவைத்து. பூபதி என்னை ஒரு பார்வை பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அத்தையின் காலடியில் உட்கார்ந்து அவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டார்.

பிரிந்த மூட்டையைக் கட்டி, அறையைப் பூட்டி, சாவியை அத்தையிடம் கொடுக்காமல் பூபதியிடம் கொடுத்தேன்.

நவம்பர் 8, வெள்ளி

காலையில் அத்தை குளித்து, வெள்ளைச் சேலை உடுத்தி வாசலில் நின்றார். "கிளம்பு. போலீஸ் டேசனுக்குப் போகோணும்."

"எதுக்குங்க அத்தை?"

"சாகோணும்னே தின்னாருன்னு எழுதி வெச்சிருப்பாங்க. அதைய மாத்தோணும்."

பூபதி எங்களோடு வரவில்லை. பஸ்ஸில் போனோம்.

ஸ்டேஷனில் அதே ஏட்டு. உட்காரச் சொன்னார். நான் சொல்லச் சொல்ல எழுதினார். நடுவில் பேனாவை நிறுத்தி, "உங்க பேர் இதுல வரும்மா. மேலதிகாரி கூப்பிட்டு விசாரிப்பாங்க. வேலைக்கு ஆபத்து வந்தாலும் வரும்," என்றார்.

"வரட்டுங்க," என்றேன்.

"விதைதான்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"சனிக்கிழமைங்க. அவரு சொன்னப்பத்தான்."

அத்தை திரும்பி என்னைப் பார்த்தார். சனிக்கிழமைதான். வெள்ளிக்கிழமை காலையில் கவிழ்த்திருந்த அந்த ஜாரைப் பார்த்தேன், ஆனால் எனக்கு எதுவும் நிச்சயமாகத் தெரியாது. நிச்சயமாகத் தெரியாததை எப்படிச் சொல்வது.

ஏட்டு எழுதி முடித்து, வாசித்துக் காட்டினார். "...மேற்படி நாச்சிமுத்து என்பவர் தமது கால் வலிக்கு அதை மருந்து என நம்பி, குணமாக வேண்டும் என்ற எண்ணத்துடன் உட்கொண்டதாலும், உயிரை மாய்த்துக்கொள்ளும் நோக்கம் அவருக்கு இல்லாததாலும்..."

"சித்தெ நிறுத்துங்க சாமி," என்றார் அத்தை. "அதைய இன்னொருக்காப் படிங்க."

ஏட்டு படித்தார்.

"குணமாகோணும்னுதானுங்களே?"

"ஆமாம்மா. அப்படித்தான் எழுதியிருக்கு."

"இன்னொரு தடவ."

அவர் சலித்துக்கொள்ளாமல் மூன்றாவது தடவையும் படித்தார். அத்தை ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டினார். "வேலுச்சாமின்னு ஒருத்தர வரச் சொல்றேன். அவருக்கும் இதே மாதிரி மெதுவாப் படிச்சுக் காட்டுங்க," என்று கும்பிட்டார். நான் கையெழுத்துப் போட்டேன். அத்தை கைநாட்டு வைத்தார்.

திரும்பும்போது பஸ் காலியாக இருந்தது. அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் போனேன். அவர் மடியில் இருந்த பையை எடுத்து அந்தக் காலி இடத்தில் வைத்தார். வைத்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டார்.

நான் பின்னால் போய் உட்கார்ந்தேன்.